சுண்டுவிரல் நகம்

மனுஷியைப் பார்த்தால் "சாப்பிட்டியா" என்று கேட்பார்கள். என்னைப் பார்த்தால் "இன்னிக்கி என்னா நம்பர்" என்று கேட்பார்கள். கிள்ளானில் பிறந்து, இந்த ஊர் வெயிலில் தோல் வெந்து, இந்த ஊர் பஸ்ஸுக்கே காத்துக் கிடந்து எனக்கு இருபத்தொன்பது வயதாகிறது. இன்னும் இந்த ஜனங்களின் கண்ணுக்கு நான் நாலு நம்பராகத்தான் தெரிகிறேன். சனி, ஞாயிறு லாட்டரிக் குலுக்கலுக்கு ஆயிரக்கணக்கான பேர் நம்பர் எடுக்கிற ஊரில் என் நிறத்தோடு பிறப்பது பெரிய பாவம்.

என் பெயர் தங்கமணி. அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் நல்ல கறுப்பு. எனக்கு மட்டும் முடி, புருவம், இமை, தோல் எல்லாம் வெள்ளை. கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். எழுத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே பிடித்தால்தான் படிக்க வரும். இது பிறவியிலேயே உடம்பில் சாயம் ஊறாத குறை, சாமியும் இல்லை பேயும் இல்லை என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். நானும் ஊருக்கு விளக்கிப் பார்த்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அப்போது வெள்ளைக்காரத் துரை இருந்தார். ஊர் வாய்க்கு அது போதாதா? என் அம்மாவைக் கடித்துத் துப்பியது. அப்பா சம்சுச் சாராயம் குடித்த நாளெல்லாம் துரையின் பெயரைச் சொல்லி அம்மாவை அடித்தார். அவர் குடிக்காத நாள் என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் என்னை 'துரைசாணி' என்று கூப்பிட்டார்கள். அம்மா அதற்கும் சேர்த்து அழுதாள்.

பிறகு ஒரு நாள் காற்று திசை மாறியது. பக்கத்து லயத்துக்காரன் ஒருவன் விளையாட்டாக என் தலையில் ஒரு முடியைப் பிடுங்கி, நம்பர் சீட்டுக்குள் மடித்து வைத்தான். அன்று பார்த்து அவனுக்கு நம்பர் அடித்துத் தொலைத்தது. அதோடு துரைசாணி போய் அதிர்ஷ்டக்காரி ஆகிவிட்டேன். அப்பா அம்மாவை அடிப்பதை நிறுத்தினார். சனிக்கிழமை தவறாமல் ஆட்கள் வந்தார்கள், அப்பாவுக்குச் சாராயப் போத்தலும் எனக்கு மிட்டாயும் கொண்டுவந்தார்கள், ஆளுக்கு ஒரு முடி பிடுங்கிக்கொண்டு போனார்கள். கோழிக்காவது கழுத்தை அறுத்த பிறகுதான் இறகைப் பிடுங்குவார்கள்.

நம்பர் அடிக்காவிட்டால் விட்டுவிடுவார்கள் என்றுதான் நானும் சின்னப் புத்தியில் நம்பினேன். நம்பர் ஆடுகிறவன் புத்தி அப்படி வேலை செய்யாது. அடித்தால் "பாத்தியா, வெள்ளச்சி முடி" என்பான். அடிக்காவிட்டால் "முடி பத்தல" என்பான். இவளிடம் ஒன்றுமில்லை என்று மட்டும் எந்த மடையனுக்கும் தோன்றாது. ஒரு முடி பத்தாமல் ஒரு கொத்து ஆனது. கொத்தும் பத்தாமல் போனபோது தம்புசாமி வந்தான்.

தம்புசாமி கிள்ளானில் டாக்சி ஓட்டியவன். எவனோ ஒரு மந்திரவாதி அவனிடம், முடி செத்தது, உயிரோடு பிடுங்கிய நகம்தான் பேசும் என்று சொல்லியிருக்கிறான். அப்போது எனக்குப் பத்து வயது, தம்பி விஜயனுக்கு ஐந்து. அப்பா, அம்மாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு என்னை மடியில் உட்காரவைத்தார். என் வலது கையைத் தன் வலது கையால் இறுக்கிப் பிடித்தார். "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும். கண்ண மூடிக்க" என்றார். தம்புசாமி சட்டைப் பையிலிருந்து இடுக்கிக் குறட்டை எடுத்தான்.

எந்த எறும்பு அப்படிக் கடிக்கும் என்று நான் அப்பாவிடம் கடைசிவரை கேட்கவில்லை. விஜயன் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தான், பார்த்துக் கால்சட்டையை நனைத்துக்கொண்டான். சுண்டுவிரலில் நகம் அதற்குப் பிறகு சரியாக முளைக்கவே இல்லை. இப்போதும் அந்த இடத்தில் மிளகு மாதிரி ஒரு சின்னக் கட்டிதான் இருக்கிறது. மழைக்காலத்தில் வலிக்கும்.

தம்புசாமிக்கு நம்பர் அடித்தது. புதுக் கார் வாங்கினான். அடுத்த வருஷமே குடித்துவிட்டுக் காப்பார் ரோட்டில் மர லோரியின் பின்னால் கொண்டுபோய்ச் செருகிச் செத்தான். ஓடிப்போய் அவனைத் தூக்கியவர்களைவிட, அந்தக் காரின் நம்பரைக் குறித்துக்கொண்டு ஓடியவர்கள்தான் அதிகம். அதற்கும் ஆறுதல் பரிசு விழுந்ததாம். நான் சொன்னேனே, இதுதான் எங்கள் ஊர்.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. ரப்பர் பால் வெட்டுகிற கத்தி வலது கையில் கீறி, புண் ஆறாமல் அழுகி, மணிக்கட்டோடு கையை எடுத்தார்கள். அதன் பிறகு அவர் அதிக நாள் இல்லை. தோட்டத்தில் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள், பிள்ளையின் கையைப் பிடித்த கை அழுகிவிட்டது என்று. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாவு வீட்டிலேயே கத்தினேன். "சர்க்கரை, சம்சு. டாக்டர் சொன்னது. வேற ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல." என்னை அதிர்ஷ்டம் என்று சொன்னாலும் சாபம் என்று சொன்னாலும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் நான் மனுஷி இல்லை. அன்று முதல் எவன் அந்தக் கதையை எடுத்தாலும் அவன் மூஞ்சிக்கு நேரே சர்க்கரை என்றுதான் சொல்லி வந்தேன், விஜயனிடமும்.

பிறகு பிரிக்பீல்ட்ஸ் போனேன். அங்கே கண் தெரியாதவர்களுக்கு டெலிபோன் ஆப்பரேட்டர் வேலை பழக்கினார்கள். அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் உருப்படியான நாட்கள். யாருக்கும் என் நிறம் தெரியாது. எனக்குப் பழக்கிக்கொடுத்த குணேஸ்வரி டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், முதல் நாள் என் கையைப் பிடித்து பட்டனில் வைத்தார். வைத்த கை நின்றது. "உம்மட சின்ன விரலில நகத்தைக் காணேல்லையே, என்ன நடந்தது பிள்ளை?" என்று கேட்டார். என்னைச் சந்தித்தவர்களில் அந்த விரலைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன்.

இப்போது மேருவில் ஒரு கையுறை ஃபேக்டரியில் வேலை. டெலிபோன் போர்டில் உட்கார்ந்து "குட் மார்னிங்" என்று நான் சொன்னால், அந்தப் பக்கம் இருப்பவன் வழிவான். ஈப்போவிலிருந்து பேசும் ஒரு விற்பனைக்காரன் என் குரலைக் கேட்டே மயங்கி, ஒரு நாள் நேரில் பார்க்க வந்தான். பார்த்தான். குடையை மறந்து வைத்துவிட்டு ஓடிவிட்டான். நல்ல குடை. வெயிலுக்கு இன்னும் அதைத்தான் பிடிக்கிறேன்.

அம்மாவும் போன பிறகு விஜயனை நான்தான் வளர்த்தேன். லோரி லைசன்ஸ் எடுக்க வைத்தேன், வேலாயுதம் என்ற லோரி முதலாளியிடம் வேலை கிடைத்தது. ரமணியைக் கட்டி வைத்தேன். மேரு ரோட்டை ஒட்டிய ஒரு கம்பத்துக் கிராமத்தில் பலகை வீடு எடுத்து மூன்று பேரும் இருந்தோம். விஜயனும் நம்பர் எடுப்பான். சொந்தமாக ஒரு லோரி வாங்க வேண்டும், எவனுக்கும் "சரி பாஸ்" சொல்லக்கூடாது, அதுதான் அவன் கனவு. ஆனால் ஒரு நாளும் என்னிடம் நம்பர் கேட்டதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவன்மேல் நான் உயிரை வைத்திருந்தேன்.

போன வருஷம், எண்பத்தெட்டின் கடைசியில், ரமணிக்குப் பிரசவம் ஆனது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டுக்குள் நுழைந்தேன். பக்கத்துக் கட்டில்காரிகள் என்னைப் பார்த்தார்கள், பிறகு தொட்டிலைப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். வெள்ளை முடி, வெள்ளை இமை. குனிந்தது நிமிராமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அண்ணி, என்னா அப்படி பாக்குறீங்க?" என்றாள் ரமணி. பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "என் பொண்ணு என்னா கலரா இருந்தா என்னா? ஒங்கள மாதிரி இருக்கா. நல்லா குரல் இருக்கும்."

அந்தப் பெண்ணை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. என் அம்மாவுக்கு இல்லாத தைரியம். சந்திரகலா என்று பெயர் வைத்தது அவள்தான். நாங்கள் கலா என்று கூப்பிட்டோம். பிள்ளையை விட்டு ஒரு நிமிஷம் நகரமாட்டாள். பால் கொடுத்துக்கொண்டே தூங்கிப்போவாள், தூக்கத்திலும் ஒரு கை பிள்ளைமேல் இருக்கும். வெயிலில் கொண்டுபோகாதே, கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது, தொப்பி போடு என்று நான் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

மோப்பம் பிடித்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வாசலில் நின்று பார்த்தார்கள். பிறகு ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டுத் தொட்டிலைத் தொட்டார்கள். ஒருத்தி கொஞ்சுகிற சாக்கில் இரண்டு முடியைப் பிடுங்கிவிட்டாள். பிள்ளை வீல் என்று கத்தியது. ரமணி துடைப்பக்கட்டையோடு ரோடு வரை துரத்தினாள். இரண்டு பேரும் ஜன்னலைச் சாத்தியே வைத்தோம். உள்ளே வெந்து செத்தோம்.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது வேலாயுதம் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு, ரமணிக்குப் புடவை, விஜயனுக்கு ஒரு போத்தல். என்னைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டான். வேலாயுதம் கும்பிட்டால் எதற்கென்று கேட்க வேண்டியதே இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"விஜயா, நான் சுத்தி வளைச்சி பேச மாட்டேன் லா. மொட்ட போடும்போது முடி எனக்கு. அதுக்கு முன்னால ஒரு நகம். சுண்டுவிரல்ல. பிஞ்சு நகம் லா, ஒண்ணும் தெரியாது."

நான் அடுப்படியில் நின்றிருந்தேன். என் கட்டைவிரல் தன்னால் போய்ச் சுண்டுவிரலை மூடிக்கொண்டது. விஜயன் என்ன சொல்லப்போகிறான் என்பதுதான் என் காதில் இருந்தது. வேலாயுதம் சோறு போடுகிறவன். அவனிடம் இதுவரை விஜயன் 'சரி பாஸ்' தவிர வேறு வார்த்தை சொன்னதில்லை.

விஜயன் எழுந்தான். கொலுசையும் புடவையையும் எடுத்து வேலாயுதத்தின் மடியில் வைத்தான்.

"எம் புள்ள மேல ஒரு கை படக்கூடாது பாஸ். வேலைய விட்டு நிறுத்துறதுன்னா நிறுத்திக்குங்க."

வேலாயுதம் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நான் அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கதவுக்குப் பின்னால் நின்று கால்சட்டையை நனைத்த பிள்ளை மறக்கவில்லை, மறக்கவே இல்லை என்று என் மனசு அடித்துக்கொண்டது. அன்று பாசாருக்குப் போய் அவனுக்குப் பிடித்த பூ நண்டு வாங்கிவந்து மிளகு தூக்கலாகச் சமைத்துப் போட்டேன். அவனும் விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டான்.

அடுத்த சனிக்கிழமை ஃபேக்டரியில் கரண்ட் இல்லை. போர்டு வேலை செய்யவில்லை என்று என்னைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பட்டப்பகலில் எதற்குத் தாழ் என்று பின்பக்கமாகச் சுற்றிப் போனேன். அடுப்படிக் கதவு திறந்துதான் இருந்தது. விஜயன் கூடத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் கலா. பக்கத்தில் ஒரு தட்டில் விபூதி பரப்பி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளில் நம்பர்கள். அவன் விரல்களுக்கு இடையில் ஒரு புது பிளேடு. பிள்ளையின் வலது கையைப் பிடித்திருந்தான்.

எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ தெரியாது, ஓடிப்போய் அவன் கன்னத்தில் அறைந்தேன். அவன் பிள்ளையை விடவில்லை.

"ரமணி எங்கடா?"

"பாசாருக்கு அனுப்பிச்சேன். மீனு வாங்க."

"வேலாயுதத்துக்கிட்ட முடியாதுன்னு சொன்னியே, அது என்னாடா?"

அவன் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அவனுக்கு எதுக்கு குடுக்கணும்? எம் புள்ள லா. ஊருக்கு குடுத்தா பலன் போயிரும். நம்ம வீட்ல இருக்கிறத நாமதான் எடுத்துக்கணும்."

நான் சமைத்துப்போட்ட நண்டு ஞாபகம் வந்தது. வேலியே பயிரை மேய்கிறது, நான் வேலிக்கு மாலை போட்டிருக்கிறேன்.

"ஒரு சொட்டுதான்க்கா. நகம்லாம் இல்ல. நான் என்னா தம்புசாமியா? எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

அதே வார்த்தை. அப்பா செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, அந்த எறும்பு மட்டும் சாகவில்லை. ஐந்து வயதில் அவன் கதவுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டது இதுதான். என் அலறலை அவன் மறந்துவிட்டான், தம்புசாமிக்கு நம்பர் அடித்ததை மறக்கவில்லை.

கெஞ்சினேன். என் விரலை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். போலீசுக்குப் போவேன் என்றேன். அவன் அசையவில்லை. கடைசியில் அமைதியாகச் சொன்னான்: "இன்னிக்கி தடுத்துட்ட. திங்கக்கிழமை வேலைக்கு போவல? ரமணி குளிக்க போவ மாட்டா? எம் புள்ளைய எங்கிட்டயிருந்து எத்தன நாளைக்கி காவல் காப்ப?"

அவன் சொன்னது உண்மை. நான் போர்டில் உட்கார்ந்திருக்கும்போது, ரமணி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அவன் எடுத்துவிடுவான். இன்று ஒரு சொட்டு. அடிக்காவிட்டால் "பத்தல". பிறகு நகம். பிறகு எதுவோ. இந்தக் கதை எனக்கு மனப்பாடம். டாக்டர் சொன்னதைச் சொல்லி இவனைத் திருத்த முடியாது. இவனுக்குப் புரிகிற பாஷை ஒன்றுதான் உண்டு. அந்தப் பாஷையை என் வாயால் பேசமாட்டேன் என்று அப்பாவின் சாவு வீட்டில் கத்தியிருந்தேன். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்பார்கள். எடுக்கிற கையிலும் அது குத்தும் என்று யாரும் சொல்வதில்லை.

அவன் எதிரில் பாயில் உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். குரல்தானே என் தொழில்.

"சரி. கீறு. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கிட்டு கீறு. தம்புசாமி எப்படி செத்தான்?"

"குடிச்சிட்டு ஓட்டுனான்."

"பதினஞ்சி வருஷமா குடிச்சிட்டுத்தான் ஓட்டுனான். எங் கையில ரத்தம் எடுத்த அடுத்த வருஷம் ஏன் செத்தான்?"

அவன் மடியில் இருந்த கலாவைக் குனிந்து பார்த்தான்.

"அப்பாவுக்கு எந்தக் கை போச்சி?"

"சக்கரைன்னு நீதான சொன்ன."

"ஒன் முன்னால வேற என்னா சொல்றது? சின்னப் புள்ள நீ. எந்தக் கை, சொல்லு."

"சோத்துக் கை."

"என்னைய எந்தக் கையால புடிச்சாரு? நீதான் கதவுக்குப் பின்னால நின்னியே."

அவன் கண் தன் வலது கைக்குப் போனது. அந்தக் கையில்தான் பிளேடு இருந்தது. பிள்ளையின் கையை விட்டுவிட்டு, பிளேடை இடது கைக்கு மாற்றினான். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாளைக்கு இந்தப் பயம் போய்விடும், ஆசை திரும்பி வரும். எட்டி நின்று பார்க்கக்கூட அவனுக்குப் பயம் வர வேண்டும். ஊருக்கே வர வேண்டும்.

"அம்மா சாகும்போது எங்கிட்ட சொன்னாங்க" என்றேன். அம்மா சாகும்போது தண்ணீர் கேட்டாள், வேறொன்றும் சொல்லவில்லை. "இந்த வெள்ள அதிர்ஷ்டம் இல்ல, பீடை. முதல்ல குடுக்கிற மாதிரி குடுக்கும். அப்புறம் தொட்டவன் கைய வாங்கும், வீட்ட வாங்கும், வம்சத்த வாங்கும். எனக்கு ஏன் கல்யாணம் ஆவல? அம்மாவும் அப்பாவும் ஏன் அல்பாயுசுல போனாங்க? ஒன் வீட்ல இப்ப ரெண்டாவது மூதேவி பொறந்திருக்கு. முடிய எடுத்தாலும் சரி, நகத்த எடுத்தாலும் சரி, மடியில வெச்சிக் கொஞ்சுனாலும் சரி. தொட்ட ஒடம்பு அழுகும்."

விஜயன் கலாவைப் பாயில் போட்டான். கிடத்தவில்லை, போட்டான். பிளேடை ஜன்னல் வழியே எறிந்தான், விபூதித் தட்டைக் காலால் தள்ளினான், பின்பக்கம் ஓடிக் குழாயைத் திறந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் ஜெயித்துவிட்டேன்.

கலா அழுதாள். திரும்பினேன். அடுப்படி வாசலில் ரமணி நின்றிருந்தாள். கையில் மீன் பை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முன்கதவு தாழ் போட்டிருந்ததால் அவளும் என்னைப்போலச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். எப்போது வந்தாள், எதிலிருந்து கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளை இருமி இருமி அழுதது. மூன்று மாதமாக முதல் சத்தத்துக்கே ஓடிவருகிறவள், நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ரமணி, புள்ளைய தூக்கு."

அவள் பையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒரு அடி வைத்தாள். பிறகு, "நீங்க தூக்குங்க அண்ணி" என்றாள். "ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

நான்தான் தூக்கினேன்.

அதற்கடுத்த வாரமே விஷயம் பரவிவிட்டது. வேலாயுதம் தன் எல்லா லோரிகளுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். ஜன்னலுக்குள் கை விடுகிறவர்கள் காணாமல் போனார்கள், இப்போது எங்கள் வீட்டைத் தாண்டும்போது அந்தப் பக்கத்து ஓரமாகப் போகிறார்கள். கோயிலில் பிள்ளையோடு நின்றால் நாலு பக்கமும் இடம் காலியாகிறது. நம்பர் எடுக்கிறவன் ஒருவன்கூட எட்டிப் பார்ப்பதில்லை. நான் நினைத்தது நடந்தது, நினைத்ததற்கு மேலும் நடந்தது.

ரமணியிடம் உண்மையைச் சொன்னேன். விஜயன் வெளியூர் போன நாளாகப் பார்த்து, உட்காரவைத்து, ஆதியோடந்தமாகச் சொன்னேன். எல்லாம் நானாகக் கட்டியது, அம்மா அப்படி ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவுக்குச் சர்க்கரை, தம்புசாமி குடிகாரன். அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"எம் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு சொல்றீங்க. தெரியுது அண்ணி" என்றாள். "அன்னிக்கி அவர்கிட்ட சொன்னீங்களே, அப்பதான் ஒங்க குரல் உண்மையா இருந்துச்சி."

இருபது வருஷமாக உண்மையைத் தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு நாயும் நம்பவில்லை. பொய்யை ஒரே ஒரு தடவை, மெதுவாகச் சொன்னேன். கல்வெட்டு மாதிரி நின்றுவிட்டது.

அவள் கெட்டவள் இல்லை. பிள்ளைக்குப் பால் கலக்குகிறாள், துணி துவைக்கிறாள், தொப்பி தைக்கிறாள். தாய்ப்பால் மட்டும் அன்றோடு நின்றது. ஒரு மாதம் வரை அவள் ரவிக்கை நனைந்து நனைந்து காய்ந்ததை நான் பார்த்தேன். குளிப்பாட்டும்போது கையில் துண்டைச் சுற்றிக்கொள்வாள், பிறகு தானும் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். அவள் வயிற்றில் இப்போது இன்னொன்று இருக்கிறது. அதற்காகவாவது நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா அண்ணி என்று என்னிடமே கேட்கிறாள்.

கலாவுக்கு இந்த மாதம் ஒரு வயது முடிகிறது. என்னோடுதான் படுக்கிறாள். கொஞ்சம் பெரியவள் ஆனதும் பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிப்போய்விடுவேன், குணேஸ்வரி டீச்சர் வீட்டுப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஊர் ஒதுங்கி நிற்கட்டும். ஒதுங்கி நிற்கிறவன் கையில் குறடு இருந்தாலும் எட்டாது. திரும்பவும் அந்தச் சனிக்கிழமை வந்தால் திரும்பவும் அதையேதான் சொல்வேன்.

நேற்று சாயங்காலம் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவளுக்கு நகம் வெட்டினேன். என் கண்ணுக்கு விரலை மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தால்தான் தெரியும். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. மூச்சுக் காற்று பட்டுக் கூசிச் சிரிக்கிறாள். பத்து விரலிலும் பத்து நகம், பாசிப்பயறுத் தோல் மாதிரி, ஒன்றும் குறையவில்லை. வெட்டியதையெல்லாம் ஒரு காகிதத்தில் சேர்த்து, பழைய பழக்கத்தில் கையில் இறுக்கி மூடிக்கொண்டேன்.

ரமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"அண்ணி, அத வீட்ல எங்கயும் போட்றாதீங்க" என்றாள். "தூரமா கொண்டுபோய் போட்ருங்க."